கிரீன்ஹவுஸில் சட்டிவாக் கஞ்சா: இரவில் ஏறும் ஈரப்பதனை என்ன செய்வது?

பிக்கரிங்_தோட்டம்

எல்லாருக்கும் வணக்கம். ஒன்ராறியோவில் பிக்கரிங், ஏரிக்குக் கிட்ட வீடு. பின்வளவில் 8×12 அடியில் ஒரு கிரீன்ஹவுஸ், இரட்டைச் சுவர் பொலிகாபனேற். தக்காளியும் கத்தரியும் நின்ற இடத்தில் இந்த வருஷம் சட்டம் விடுகிற நான்கு கஞ்சாச் செடியும் நிற்குது. விதை மாகாண அரசின் கடையில் வாங்கியது. சட்டிவா கூடின கலப்பு, பூத்து முடிய 11 கிழமை என்று பொதியில் போட்டிருக்கு.

ஆகஸ்ட் கடைசி ஆகிவிட்டது. நுனி கூரையைத் தொடுது, பூக்கத் தொடங்கிக் கணுக்களில் வெள்ளை மயிர் வந்துவிட்டது. பகலில் மீற்றர் 25 பாகை, 60 வீதம் காட்டுது. அதில் எனக்குக் கவலை இல்லை. விடிய ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால் 15 பாகை, 98 வீதம். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டி மேல் இலைகளில் விழுது. வெளியிலும் ஈரம் என்றபடியால் பின்னேரமே கதவும் கூரை ஜன்னலும் மூடிவிடுவேன். உள்ளே இரண்டு மின்விசிறி முழு நேரமும் ஓடுது.

சட்டிவாவுக்குப் பூஞ்சணம் வராது என்று கேள்விப்பட்டுத்தான் இந்த வகையை எடுத்தேன். இனிச் செப்டெம்பர் மழையும் வரப்போகுது. ஈரநீக்கி ஒன்று வாங்கத்தான் வேணுமா, வேறு வழி இருக்கா?

வெள்ளரிப்பந்தல்

தம்பி, நான் உங்கள் மாகாணத்திலேயே லெமிங்டனில் கண்ணாடிக் குடிலில் வெள்ளரி பார்க்கிறவன். கோவையில் வேளாண்மை படித்துவிட்டு இந்த ஊருக்கு வந்தேன். கஞ்சா என் பயிர் இல்லை. ஆனால் ஈரம் எந்தப் பயிருக்கும் ஒரே கணக்குதான்.

உங்கள் மீட்டர் சொன்னதையே எடுத்துக்கொள்வோம். 25 டிகிரி, 60 சதவீதம் உள்ள காற்றின் பனிநிலை 16.7 டிகிரி. குடிலுக்குள் எந்தப் பரப்பு அதற்குக் கீழே குளிர்ந்தாலும் அங்கே தண்ணீர் படியும். நீங்கள் சாயங்காலம் எல்லாவற்றையும் மூடியபோது அந்தப் பகல் காற்றை அப்படியே உள்ளே பிடித்து வைத்தீர்கள். ராத்திரி 15 டிகிரிக்கு இறங்கியதும் அது தண்ணீரைக் கீழே விட்டது. வானம் தெளிவாக இருக்கும் இரவில் கூரையும் மேல் இலையும் காற்றை விடவும் ஓரிரு டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். அதனால்தான் முதலில் நனைவது உச்சி.

வெளியே ஈரம் என்று ஜன்னலை மூடுவது எல்லோருக்கும் சரியாகத் தோன்றும். வெப்பத்தைச் சேர்த்துப் பாருங்கள், கணக்கு மாறிவிடும். வெளியே 10 டிகிரி, மழை, 100 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றை உள்ளே இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 52 சதவீதம்தான். குளிர்ந்த காற்றில் தண்ணீர் கொஞ்சமாகத்தான் இருக்கும், அதை சதவீதம் நமக்குக் காட்டுவதில்லை. ஆகவே மழை பெய்தாலும் கொஞ்சம் திறந்து வையுங்கள், கொஞ்சம் சூடு போடுங்கள். லெமிங்டனில் எல்லாக் குடிலிலும் இரவு வேலை இதுதான்.

எப்போது என்பது எவ்வளவு என்பதை விட முக்கியம். சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே கூரை ஜன்னலைத் திறந்து, ஹீட்டரையும் போட்டு, பகல் காற்றை வெளியே தள்ளுங்கள். அப்புறம் ஜன்னலை இரண்டு விரல் அளவுக்கு விட்டு வையுங்கள். விடியற்காலையிலும் சூரியன் ஏறும் முன் சூடு தொடங்கிவிட வேண்டும். வெயில் பட்டதும் காற்று சீக்கிரம் சூடாகும், தடித்த மொட்டு மெதுவாகத்தான் சூடாகும். அந்த இடைவெளியில் மொட்டின் மேல் மறுபடியும் பனி படியும். பலர் இரவைக் கவனிப்பார்கள், காலை ஆறிலிருந்து எட்டு வரை விட்டுவிடுவார்கள்.

கடலோரம்

வன்கூவரில் இருந்து எழுதுறன். ஈரம் என்றால் எங்கட பக்கத்தைக் கேட்க வேணும், ஒக்ரோபரில் வெயில் தேடிப் பிடிக்க வேணும்.

சட்டிவாவுக்குப் பூஞ்சணம் வராது என்பது பாதி உண்மை. பூங்கொத்து இறுக்கமில்லாமல், இடைவெளி விட்டு நீளமாக வருவதால் நனைந்தாலும் கெதியில் காயும். இண்டிகா என்ற மற்றக் கஞ்சா வகையின் இறுக்கமான கொத்துக்குள் ஒரு துளி போனால் அங்கேயே நிற்கும். ஆனால் மற்றப் பாதியையும் பாருங்கோ. எட்டுக் கிழமையில் முடிகிற செடி செப்டெம்பர் கடைசியில் வெட்டுப்பட்டு வீட்டுக்குள் போய்விடும். உங்கட 11 கிழமைச் செடி ஒக்ரோபர் முழுக்க அந்தக் குளிர்ந்த, ஈரமான இரவுகளில் நிற்கப்போகுது. மொட்டழுகலைக் கொண்டுவரும் பொட்ரைட்டிஸ் என்ற பூஞ்சணத்துக்கு 15 முதல் 25 பாகையும் சில மணித்தியால ஈரமும் போதும். எத்தனை இரவு அதுக்கு வாய்ப்புக் கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

அதோட, பொதியில் சட்டிவா என்று போட்டதை வைத்துக் கொத்து எப்படி வரும் என்று நம்ப ஏலாது. இந்தப் பெயர்கள் செடியின் மரபணுவோடு வடிவாகப் பொருந்துவதில்லை என்று 2021இல் ஹலிஃபக்ஸ் டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். வாசனை தருகிற சில மரபணுக்களில்தான் வித்தியாசம் தெரிந்தது. செடியைப் பார்த்து முடிவெடுங்கோ. இலை ஒடுக்கமா, கணுவுக்குக் கணு தூரமா, கொத்துக்குள் வெளிச்சம் போகுதா?

காற்றோட்டம் நல்லா இருந்தால் போதும் என்பது என்ர எண்ணம். இன்னும் இரண்டு மின்விசிறி போட்டுப் பாருங்கோ.

வெள்ளரிப்பந்தல்

கடலோரம், கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. மின்விசிறி இலையை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றைக் கலைக்கும், மேல் கீழ் வெப்பநிலையைச் சமப்படுத்தும். தேவைதான். ஆனால் தண்ணீரை அது வெளியேற்றாது, உள்ளேயே சுற்றவிடும்.

எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள். 8×12 குடிலில் ஏழு அடி உயரம் என்றால் சுமார் 19 கன மீட்டர் காற்று. 25 டிகிரி, 60 சதவீதத்தில் அதில் இருக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட கால் லிட்டர்தான். தம்பி, நான்கு செடிக்கும் தினம் எவ்வளவு ஊற்றுகிறீர்கள்?

பிக்கரிங்_தோட்டம்

வெயில் நாளில் ஒரு பெரிய வாளி, 20 லீற்றர் வரும். வேலை முடிந்து வந்து பின்னேரம்தான் ஊத்துறது.

வெள்ளரிப்பந்தல்

அதில் மிகப் பெரிய பங்கு இலை வழியாகக் காற்றுக்குப் போகிறது. கால் லிட்டர் தாங்கிக்கொண்டிருக்கும் காற்றுக்குள் நாள் முழுக்க வாளிக் கணக்கில் விட்டால் ஒரு முறை ஜன்னலைத் திறந்து மூடி என்ன ஆகும்? திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும்.

தண்ணீரைக் காலைக்கு மாற்றுங்கள், வேலைக்குக் கிளம்பும் முன். பகலில் குடித்து, பகலிலேயே விட்டுவிடும். ஜன்னலும் அப்போது திறந்திருக்கும். சாயங்காலம் தொட்டி மண் மேலே காய்ந்திருக்க வேண்டும். மண்ணை வெள்ளை பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். தரையில் தேங்கும் தண்ணீரையும் துடைத்துவிடுங்கள், அதுவும் ராத்திரி முழுக்க ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

கீழ்ப்பக்கம் நிழலில் கிடக்கும் இலை, சிறு கிளை எல்லாவற்றையும் ஒரே நாளில் உருவாமல் சில நாட்கள் இடைவெளி விட்டு எடுங்கள். தொட்டியிலிருந்து இரண்டு அடி உயரம் வரை காற்று தடையில்லாமல் போக வேண்டும். எடுத்த இலை குடிலுக்குள் கிடக்கக் கூடாது. செத்த இலையில்தான் பொட்ரைட்டிஸ் முதலில் குடியேறும், அங்கிருந்து உயிருள்ள திசுவுக்கு ஏறும்.

பிக்கரிங்_தோட்டம்

நன்றி அண்ணை. ஹீட்டர் விஷயம்: கராஜில் புரொப்பேன் ஹீட்டர் ஒன்று சும்மா கிடக்குது. கிரீன்ஹவுஸுக்கு மின் இணைப்பு ஒன்றுதான், விசிறிகள் அதில் ஓடுது. புரொப்பேன் வைக்கலாமா?

வெள்ளரிப்பந்தல்

புகைபோக்கி இல்லாத புரொப்பேன் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும். ஈரத்தைப் போக்க நினைத்து ஈரத்தையே ஊற்றுவதாகிவிடும். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு. நீங்கள் விடியற்காலையில் உள்ளே போகிற ஆள்.

மின்சார ஹீட்டர், 1500 வாட், தெர்மோஸ்டாட் உள்ளது போதும். தனி இணைப்பு, ஈரத்துக்கு ஏற்ற பாதுகாப்பு பிளக், இரண்டையும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்யுங்கள். ஒன்டாரியோவில் நேரத்துக்கு ஏற்ற கட்டணத்தில் இருக்கிறீர்கள் என்றால் இரவு 7 முதல் காலை 7 வரை மலிவு நேரம், உங்களுக்குச் சூடு வேண்டியதும் அதே நேரம்.

ஈரநீக்கி பற்றி முதலில் கேட்டீர்கள். வீட்டு அடித்தளத்தில் வைக்கும் கம்ப்ரசர் வகை, 15 டிகிரிக்குக் கீழே போனால் சுருளில் பனிக்கட்டி பிடித்து வேலை குறைந்துவிடும். உங்களுக்கு அது தேவைப்படுவதே அந்தக் குளிரில்தான். ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகண்ட் வகை குளிரிலும் இழுக்கும், வெளிவிடும் காற்றும் சூடாக இருக்கும், ஆனால் விலையும் மின்சாரமும் அதிகம். முதலில் ஜன்னலும் சூடும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வாரம் பார்த்தும் விடியற்காலையில் 85 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் யோசிக்கலாம்.

குறுக்குத்தெரு

இடையில் ஒரு கேள்வி. ஊரில் இருந்து ஒருத்தர் இடுக்கி விதை கொண்டு வரலாம் என்று சொல்கிறார். மலையில் மழைக்குள்ளேயே வளர்ந்த செடி, ஈரம் தாங்கும் என்று சொல்கிறார். யாராவது முயற்சி செய்திருக்கிறீர்களா?

கடலோரம்

வேண்டாம். முதலாவது, சட்டம். விதையைக்கூட உரிமம் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவருவது கனடாவில் குற்றம். இங்கே வீட்டில் வளர்க்கிற நான்கு செடிக்கும் சட்டபூர்வமான விதையாக இருக்க வேணும். நான்கு என்பது ஒரு வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. பெரிய குடும்பங்கள் ஒரே வீட்டில் இருக்கிற எங்கட ஆக்கள் இதை வடிவாக விளங்கிக்கொள்ள வேணும். வாடகை வீடு, கொண்டோ என்றால் ஒப்பந்தத்தையும் பாருங்கோ. விற்கவும் ஏலாது.

இரண்டாவது, அந்தச் செடி இங்கே பூத்து முடியாது, பகல் குறுகினால்தான் அது பூக்கும். இடுக்கி 10 பாகை அகலாங்கில் இருக்குது. அங்கே வருஷம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணித்தியாலத்தைச் சுற்றித்தான். அந்தப் பகல் நீளத்துக்குப் பழகின செடி ரொறன்ரோவில் செப்டெம்பர் கடைசி வரை பூக்கிற எண்ணமே இல்லாமல் உயர்ந்துகொண்டு போகும். பிறகு பூத்து முடிய மூன்று மாதத்துக்கு மேல். பனிக்காலம் பாதி போய்விடும்.

மொன்றியல்வாசி

கியூபெக்கில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே ஒரு செடியும் வைக்க முடியாது. மாகாணத் தடை செல்லும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2018 ஒக்டோபர் 17இல் கனடா முழுக்கத் திறந்துவிட்டது என்று நினைத்து எங்கள் பக்கம் இன்னும் பலர் கேட்கிறார்கள்.

கடலோரம்

பிக்கரிங் தம்பிக்கு, அடுத்த வருஷத்துக்கு ஒன்று. நீண்ட பூப்புக் காலச் செடிதான் வேணும் என்றால் இருட்டுத் துணி போடுங்கோ. ஜூன் கடைசியில் உங்கட பக்கம் பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல், 14க்குக் கீழே இறங்க ஆகஸ்ட் நடுப்பகுதி ஆகும். ஜூலைத் தொடக்கத்திலேயே பின்னேரம் ஏழு தொட்டு விடிய ஏழு வரை மூடினால் செடி ஒரு மாதத்துக்கு மேல் முந்திப் பூக்கும். 11 கிழமைச் செடியும் செப்டெம்பர் கடைசியில் முடிந்துவிடும். இங்கத்தைய ஒக்ரோபர் மழையை வேறு எப்படியும் வெல்ல ஏலாது என்று நான் நினைக்கிறன். நாள் தவறாமல் போட வேணும், நடுவில் விட்டால் செடி குழம்பும்.

வெள்ளரிப்பந்தல்

நல்ல யோசனை. ஒரு எச்சரிக்கை மட்டும். இருட்டுத் துணிக்குள் ஈரம் இன்னும் வேகமாக ஏறும், ஜூலை இரவு வெப்பமும் சேரும். செடியின் மேல் நேராகப் போர்த்தாமல் கூரைக்கு வெளியே போடுங்கள். வெளிச்சம் புகாமல் காற்று மட்டும் போகும்படி வளைந்த குழாயில் ஒரு வெளியேற்று விசிறி வைக்க வேண்டும். அது இல்லாமல் துணி மட்டும் போட்டால் காலையில் எல்லாம் சொதசொதவென்று இருக்கும்.

செம்மண்

நான் சுவாச நோய்ப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். வளர்க்கிறதில்லை, ஆனால் இந்த இழையை வாசித்துவிட்டுச் சும்மா போக மனமில்லை.

பூஞ்சணம் பிடித்ததை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பாவிப்போம் என்று நினைக்காதேங்கோ. அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சணம் சரியாகக் காயாத கஞ்சாவில் வரும். நோய் எதிர்ப்பு குறைந்த ஆளுக்கு, புற்றுநோய் மருந்து எடுப்பவர், உறுப்பு மாற்றிக்கொண்டவர், கூடுதலாக ஸ்டீரொய்ட் எடுப்பவர், இவர்களுக்கு அது நுரையீரலில் உயிராபத்தாக முடியலாம். நெருப்பு வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது பிழை, புகையோடு வித்துகள் உள்ளே போகும். அம்மாவின் மூட்டு நோவுக்கு என்று வளர்க்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள்தான் இதில் மிகவும் கவனமாக இருக்க வேணும். அந்த வீட்டில் அதை எடுக்கப்போகிறவர் வயதான, ஏற்கெனவே மருந்தில் இருக்கிற ஆள்.

மருந்து அடிப்பதைப் பற்றியும் யாராவது சொல்லுங்கோ. ரோஜாவுக்கு அடிக்கிறதை இதுக்கும் அடிக்கிறார்கள்.

வெள்ளரிப்பந்தல்

அம்மா, நீங்கள் சொன்னது மிகவும் தேவை.

மருந்து: பூ வந்த பிறகு எதையும் அடிக்காதீர்கள். ரோஜா, திராட்சைக்கு அடிக்கும் மைக்ளோபியூட்டனில் என்ற மருந்தைக் கனடாவில் கஞ்சாவுக்குப் பயன்படுத்தக் கூடாது. சூடுபட்டால் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வரும். கந்தகப் புகையும் பூவில் தங்கிவிடும்.

இலையில் மாவு தூவியது போல் வரும் சாம்பல் நோய் தனி விஷயம், அதை மொட்டழுகலோடு குழப்ப வேண்டாம். அதற்கு இலை நனையவே தேவையில்லை, காய்ந்த இலையிலும் நெரிசலிலும் நிழலிலும் பரவும். பூக்கும் முன் வந்தால் கஞ்சாவுக்கு என்று பதிவான பொட்டாசியம் பைகார்பனேட் மருந்து இருக்கிறது, லேபிளில் உள்ளபடி அடிக்கலாம். சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ஜமீர் புஞ்சா குழுவினர் கனடியக் கஞ்சாவின் நோய்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், தேடிப் படியுங்கள்.

புழுவையும் பாருங்கள். மொட்டுக்குள் கம்பளிப்புழு துளைத்துப் போட்ட எச்சத்திலிருந்துதான் பல இடங்களில் அழுகல் தொடங்குகிறது. ஜன்னலுக்குப் பூச்சி வலை போடுங்கள். வலை காற்றைக் குறைக்கும், அதற்கு ஏற்ப ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

பிக்கரிங்_தோட்டம்

செப்டெம்பர் நடுப்பகுதி நிலவரம். மின் இணைப்பு போட்டாச்சு, ஹீட்டர் 18 பாகையில் நிற்குது, கூரை ஜன்னல் இரண்டு விரல் திறப்பு. தண்ணீர் காலையில் மட்டும். போன கிழமை மூன்று நாள் விடாமல் மழை, அப்படியும் விடிய 72 வீதம். கூரை சொட்டவில்லை. ஜன்னலைத் திறந்து வைக்க எனக்கு மனமே வரவில்லை, ஆனால் மீற்றர் சொல்லுது.

ஒரு சந்தேகம். நடுச்செடியின் உச்சிக் கொத்தில் ஒரேயொரு சின்ன இலை மட்டும் மஞ்சளாகி வாடி நிற்குது. சுற்றி எல்லாம் பச்சை. மெல்ல இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்பு.

வெள்ளரிப்பந்தல்

அதுதான் மொட்டழுகல். வெளியே ஒரு இலை வாடும்போது உள்ளே தண்டு ஏற்கெனவே போயிருக்கும். சூடு போடும் முன்பே புகுந்ததாக இருக்கும், பயப்படாதீர்கள்.

இன்றைக்கே செய்யுங்கள். விசிறிகளை நிறுத்துங்கள். ஒரு பிளாஸ்டிக் பையை அந்தக் கொத்தின் மேல் மெதுவாகக் கவிழ்த்து, வாயைப் பிடித்துக்கொண்டு, பழுப்பு முடியும் இடத்துக்குக் கீழே நல்ல தண்டில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள். பை இல்லாமல் வெட்டினால் கை பட்டதும் சாம்பல் நிறத் தூசு பறக்கும், அத்தனையும் வித்து. கத்தரியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஆல்கஹாலில் துடையுங்கள். பையைக் கட்டிக் குப்பையில் போடுங்கள், தோட்டத்து உரக்குழிக்கு வேண்டாம். பிறகு மற்ற மூன்று செடியின் தடித்த கொத்துகளையும் விரலால் விரித்து உள்ளே பாருங்கள். இனி அறுவடை வரை தினமும் காலையில் இந்தச் சோதனை.

பிக்கரிங்_தோட்டம்

வெட்டியாச்சு. உள்ளே ஒரு விரல் நீளம் பழுப்பாகி நூல் நூலாகச் சாம்பல் பூத்திருந்தது. மற்ற மூன்றிலும் ஒன்றும் இல்லை. ஒக்ரோபரில் உறைபனி எச்சரிக்கை வந்தால், 11 கிழமை முடியாவிட்டாலும் வெட்டட்டோ?

கடலோரம்

ஹீட்டர் 18இல் நிற்கும்வரை உறைபனி உங்களுக்குப் பிரச்சினை இல்லை. அழுகல் இன்னும் இரண்டு மூன்று கொத்தில் வந்தால் பொறுக்காமல் வெட்டுங்கோ. அதற்குள் மேல் கொத்துகள் முற்றினால் அதை முதலில் எடுத்து, கீழ்க் கொத்துகளை விடலாம். சட்டிவாவில் மேலும் கீழும் ஒரே நேரத்தில் முற்றாது.

செம்மண்

வெட்டின பிறகு கராஜில் தொங்கவிடப் போகிறீர்கள் என்றால் அங்கேயும் அதே மீற்றரை வையுங்கோ தம்பி. 15 முதல் 18 பாகை, 55 முதல் 60 வீதம், மெல்லிய காற்றோட்டம், வெளிச்சம் வேண்டாம். பத்து நாள், இரண்டு கிழமை பிடிக்கும். போத்தலில் போட்டு ஒரு நாள் மூடிவைத்து, உள்ளே சின்ன மீற்றர் 65 வீதத்துக்கு மேல் காட்டினால் காயவில்லை என்று அர்த்தம். வெளியில் எடுத்து மறுபடி பரப்புங்கோ. பழைய துணி மணம் வந்தால் அந்தப் போத்தலில் இருக்கிறது முழுவதையும் எறிந்துவிடுங்கோ. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் போத்தல் பூட்டின அலுமாரிக்குள் இருக்க வேணும்.

பிக்கரிங்_தோட்டம்

நன்றி அக்கா. மீற்றர் இன்னும் இரண்டு வாங்கியாச்சு.